புகைபோக்கி விழுவதற்குள்

பழைய ஓட்டுத் தொழிற்சாலையின் புகைபோக்கியைச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெடி வைத்துத் தகர்க்கப் போவதாக அறிவிப்பு ஒட்டியதும் ஊருக்கு ஒரே குஷி. எங்கே நின்றால் நன்றாகத் தெரியும், எந்த மொட்டை மாடிக்கு யாரிடம் சாவி கேட்பது என்றுதான் பேச்சு. சுக்கான்காரி மட்டும் அந்தக் காகிதத்தை மூன்று தரம் படித்தாள்.

சுக்கான்காரி, அதாவது படகைத் திருப்புகிற சுக்கானைப் பிடிப்பவள், என்பது படகுத் துறையில் வைத்த பேர். பன்னிரண்டு வருஷமாகப் புருஷனோடு ஒரு சின்ன ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறாள். அவர் முன்னால் உட்கார்ந்து தூண்டில் போடுவார், இவள் பின்னால் உட்கார்ந்து எஞ்சின் பிடிப்பாள். பொம்பளை ஓட்டுகிற படகு கரை சேருமா என்று ஆரம்பத்தில் சிரித்தவர்களின் படகுகள் மணல் திட்டில் ஏறி நின்றதுண்டு. இவள் படகு ஒரு நாளும் ஏறியதில்லை. அதற்கப்புறம் சிரிப்பு அடங்கிப்போய்ப் பேர் மட்டும் நின்றது.

அந்த இரண்டு பேரும் பிழைப்பது ஒரு பாறையை நம்பி. கரையிலிருந்து இருபது நிமிஷ ஓட்டம். ஒரு வீட்டு முற்றம் அளவுதான் இருக்கும். சுற்றிலும் பதினோரு பாகம் ஆழம், பாறைக்கு மேலே எட்டுப் பாகம். கை இரண்டையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அதுதான் ஒரு பாகம். அந்தப் பக்கம் எங்கோ வலையைக் கிழிக்கிற இடம் இருக்கிறது என்று வலைக்காரர்களுக்குத் தெரியும், அதனால் ஒதுங்கிப் போவார்கள். சரியாக எங்கே என்பது இவர்களுக்கு மட்டும்தான் தெரியும். கடலில் இருந்து பார்க்கும்போது புகைபோக்கி பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முழுசாக மறைய வேண்டும். அதே நேரம் இடது பக்கத்தில் கலங்கரை விளக்கம் குன்றின் பிளவுக்குள் வந்து நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைந்த இடத்தில் ஈயக்குண்டை இறக்கினால் பாறையில் டக்கென்று இடிக்கும். புகைபோக்கி போய்விட்டால் மிச்சம் கலங்கரை விளக்கத்துக் கோடு ஒன்றுதான். அந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முற்றத்தைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை.

"வேற அடையாளம் பாத்துக்கலாம், விடு" என்றார் புருஷன். எதையும் விடு என்று ஆரம்பிப்பது அவர் சுபாவம்.

"தொட்டிக்குப் பின்னாடி வேற என்னங்க இருக்கு? எல்லாம் ஒரே உயரத்துல மொட்டை மாடி. எந்த மாடியில துணி காயுதுன்னு பாத்துக் குண்டை இறக்கப் போறீங்களா?"

"அப்ப பாறை மேல ஒரு மிதவை கட்டி விட்டுடலாம்."

"நல்லா இருக்கே! ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும். மொத ஆளா உங்க தம்பி வந்து நிப்பான்."

தம்பி என்றால் அவருடைய பெரியப்பா மகன். கரையில் சொந்தம், கடலில் இறங்கிவிட்டால் ஒட்டுப்புல். துறை முழுக்க அவனை அப்படித்தான் சொல்லும். எந்தப் படகுக்கு நல்ல மீன் கிடைக்கிறதோ அதற்குப் பின்னால் தூரமாக வருவான். அது நிற்கிற இடத்தைத் தன் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்வான். மறுநாள் கூட்டாளிகளின் நாலு படகோடு வந்து நிற்பான். மூன்று பேருடைய இடங்களை அப்படித்தான் ஒரே மாதத்தில் துடைத்துவிட்டான். ஐந்து படகு தூண்டில் போட்டால் ஒரு முற்றம் எத்தனை நாள் தாங்கும்?

யாரிடமாவது நல்ல போன் இரவல் வாங்கி அதில் குறித்துக்கொள்ளலாமே என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். இவர்களிடம் இருந்த இரண்டு நல்ல போன்களையும் அவர் ஏற்கெனவே கடலுக்குக் காணிக்கை கொடுத்திருந்தார். இப்போது வீட்டில் இருப்பது பட்டன் போன்.

"போனை நம்பலாம். போன் குடுத்தவனை எப்படி நம்பறது?" என்றாள் அவள். "இடத்தைக் குறிச்சு வைக்கற ஜிபிஎஸ் பெட்டி ஒண்ணு வாங்கறோம். வியாழக்கிழமைக்குள்ள. அவ்வளவுதான்."

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்கும்போது பெட்டி எதுக்கு?"

"கண்ணு இருக்கும். பாக்கறதுக்குப் புகைபோக்கிதான் இருக்காது."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

கடைத்தெருவில் கயிற்றுக் கடைக்கும் எஞ்சின் பாகங்கள் கடைக்கும் நடுவே பெட்டி விற்கிற கடை. ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். கடைக்காரர் நாலு பெட்டிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்து உயிர் கொடுத்தார். முதல் பெட்டியில் நீல நிறத்தில் தண்ணீர், அதில் சின்னதும் பெரியதுமாக மீன்கள் ஊர்ந்து போயின. புருஷன் அதன் முன்னால் குந்தியவர் எழுந்திருக்கவே இல்லை.

"ஏய், இங்க பாரேன்! பெரிசு ஒண்ணு போகுது. இதையே எடுத்துடலாம்."

"அண்ணே, அது மீன் மட்டும்தான் காட்டும்" என்றார் கடைக்காரர். "இடத்தைக் குறிச்சு வச்சுக்காது."

"அப்ப அது வேண்டாம்" என்றாள் சுக்கான்காரி. "மீன் எங்க இருக்குன்னு பாறை சொல்லும் தம்பி. பாறை எங்க இருக்குன்னு சொல்ற பெட்டியைக் காட்டுங்க."

இரண்டாவது, கைக்கு அடக்கமான ஜிபிஎஸ். இடத்தைக் குறிக்கும், ஆனால் ஆழம் தெரியாது. பெட்டி நாலு பாகம் தள்ளிக் காட்டினாலும் மணலில்தான் நிற்போம், ஆழத்தையும் பார்த்தால்தான் உறுதி என்று அதையும் ஒதுக்கினாள். மூன்றாவதில் இரண்டும் இருந்தது. பளபளவென்று பெரிய திரை, விரலால் தொட்டால் போதும். அவள் கைப்பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து உள்ளங்கையில் ஊற்றி, ஈரம் சொட்டச் சொட்டத் திரையைத் தொட்டாள். படம் ஒரு பக்கம் ஓடியது, எழுத்து ஒரு பக்கம் ஓடியது.

"அக்கா, அக்கா! துடைச்சுட்டுத் தொடணும்."

"கடல்ல எதுல துடைப்பேன்? என் சேலையே நனைஞ்சுதான் இருக்கும்."

நாலாவது பெட்டியிலும் இரண்டும் உண்டு. திரை சின்னது, கீழே கட்டைவிரல் அகலத்தில் பட்டன்கள். ஈரக் கையால் அழுத்தினாள், வேலை செய்தது. அதோடு விட்டாளா? மின்கம்பியும் கையுமாகக் கடைக்காரரைத் தெருவுக்கு இழுத்து வந்து, உச்சி வெயிலில் பெட்டியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். சைக்கிள்காரர்கள் மணியடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். அவள் கண்ணைச் சுருக்கி எண்களை உரக்கப் படித்துக் காட்டினாள்.

"இதுல மூவாயிரம் இடம் குறிச்சு வச்சுக்கலாம் அக்கா" என்றார் கடைக்காரர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"எனக்கு ஒண்ணு போதும்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டி அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் ஏறிவிட்டது. பாட்டரி இருக்கைக்கு அடியில், ஆழம் பார்க்கிற சென்சார் படகின் பின்புறம் தண்ணீருக்குள். எதை அழுத்தினால் திறக்கும், எதை அழுத்தினால் இடம் பதியும், இந்த இரண்டையும் அவள் மனப்பாடம் செய்திருந்தாள். அன்று அலை கொஞ்சம் துள்ளலாக இருந்ததால் கண்ணை அடையாளத்திலிருந்து எடுக்க முடியவில்லை. புகைபோக்கி தொட்டிக்குப் பின்னால் போனது, கலங்கரை விளக்கம் பிளவுக்குள் வந்தது. பட்டனை அழுத்தினாள். திரையில் ஒன்று என்ற எண்ணோடு ஒரு புள்ளி விழுந்தது. ஆழம் முப்பது என்று காட்டியது. பாகக் கணக்கு வேறு, பெட்டியின் கணக்கு வேறு என்று நினைத்துக்கொண்டாள். ஆயிரம் கேள்வி கேட்டுப் பெட்டி வாங்கியவள் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

திரையில் மீன் ஒன்று ஊர்ந்ததைப் பார்த்துப் புருஷன் தூண்டிலைப் போட்டார். போட்ட கையோடு ஒரு மீன் மாட்டியது. அடுத்தது ஊர்ந்தது, அடுத்ததும் மாட்டியது. பெட்டி எதற்கு என்று கேட்ட மனுஷன் பெட்டியைத் தட்டிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பெட்டியையும் பாட்டரியையும் வீட்டுக்குத் தூக்கிவந்து மேசைமேல் வைத்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டார். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து, காலை மடக்கி உட்கார்ந்து, வெகுநேரம் உன்னிப்பாகப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. படகு இப்ப எங்க நிக்குது?"

"துறையில."

"அந்தத் தண்ணிக்குள்ள விடற சமாச்சாரம்?"

"அது படகோடவே இருக்கு."

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "அப்ப இந்த மீனெல்லாம் எங்க ஓடுது?"

அடுப்படியில் இருந்த சுக்கான்காரிக்குக் கை அப்படியே நின்றது. வந்து பார்த்தாள். மேசைமேல் உட்கார்ந்திருந்த பெட்டி, மணிக்கு எட்டு மைல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னது. அடியில் முப்பது ஆழம், மேலே மூன்று மீன்.

கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஐயையோ, மன்னிச்சிடுங்க அக்கா. கடையில தண்ணி கிடையாதே, அதனால மாதிரி ஓட்டத்துல வச்சுக் காட்டுவோம். மாத்திக் குடுக்க மறந்துட்டேன். அதுல வர்ற மீன், ஆழம், இடம் எல்லாமே சும்மா."

"நான் பதிஞ்ச புள்ளி?"

"அது எந்தத் தேசத்துக் கடலோ அக்கா."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கிறது. பாறையில் எப்போதும் கிடைக்கிற மீன் அன்றும் கிடைத்திருக்கிறது. அவளுக்குக் கோபம் வந்தது. கடைக்காரர்மேல் பாதி, தன்மேல் மீதி. ஆனாலும் போனை வைக்கவில்லை. எதை அழுத்த வேண்டும், அப்புறம் எதை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மாதிரி ஓட்டத்தை நிறுத்தினாள். பொய்ப் புள்ளியையும் அழித்தாள். மீன்கள் மறைந்தன, ஆழம் இருந்த இடத்தில் வெறும் கோடு. வாங்கி ஒரு நாள் கழித்து அந்தப் பெட்டி முதல் தடவையாக உண்மை பேசியது.

தையல்காரர் நைசாக நழுவிவிட்டார். இருட்டியும் விட்டது. புகைபோக்கியில் விளக்கு கிடையாது, இப்போது போய்ப் பயனில்லை. விடியற்காலையில் போகலாம் என்றால், வெடிமருந்து வண்டி துறை வழியாகப் போவதால் காலை எட்டு மணிவரை ஒரு படகும் கிளம்பக் கூடாது என்று துறையில் ஏற்கெனவே கயிறு கட்டிவிட்டார்கள். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு மணி நேரம்தான் பாக்கி.

புருஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வருகிற விடு வரவில்லை. "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார் மெதுவாக. "பாறை போச்சுன்னா இந்த வயசுல நான் யார் படகுல கூலிக்குப் போறது?"

"பயப்படுங்க, பரவாயில்ல. ஆனா எட்டு மணிக்குப் படகுல இருங்க."

காலையில் கயிற்றை அவிழ்த்ததும் முப்பது படகுகள் ஒன்றாகக் கிளம்பின. மீன் பிடிக்க இல்லை, வேடிக்கை பார்க்க. பெண்டாட்டி பிள்ளை, குடை, பாய் எல்லாம் படகுகளில் இருந்தன. ஆரஞ்சு மிதவைகளுக்குக் கரைப் பக்கம் வரக் கூடாது என்று ஒலிபெருக்கி கத்தியது. மிதவைகளைத் தாண்டி எல்லாரும் பரவி நின்றார்கள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து கடல் பக்கம் திரும்பினால் பாறை இருக்கிற இடம் பளிச்சென்று தெரியும்.

அங்கே போய்ப் படகை நிறுத்திக் குண்டை இறக்கினால் முப்பது படகும் பார்க்கும். பார்க்காதவர்களுக்கும் சேர்த்து ஒட்டுப்புல் பார்ப்பான். அவன் ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்டான்.

"அண்ணி, எங்க நிக்கப் போறீங்க?"

"எங்க நிக்கறது? உங்க அண்ணனுக்குப் படகு நின்னா தலை சுத்துதாம். சும்மா ஓடிக்கிட்டே இருக்கணுமாம்."

புருஷன் உடனே தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த மட்டும் புத்திசாலி.

நிற்காமலே குறித்துவிடுவது என்று முடிவு செய்தாள். அவர் கரையைப் பார்த்துக்கொண்டு ஏதாவது பாட்டை முணுமுணுக்க வேண்டும், புகைபோக்கி மறைகிற நொடியில் பாட்டை நிறுத்த வேண்டும். கலங்கரை விளக்கத்தை அவள் பார்த்துக்கொள்வாள். ஒரு கை எஞ்சினில், இன்னொரு கையின் கட்டைவிரல் பட்டனில், மறைப்புக்கு மடியில் ஒரு துண்டு.

முதல் ஓட்டத்தில் பாட்டு நின்றபோது கலங்கரை விளக்கம் பிளவுக்கு வெளியே இருந்தது. இரண்டாவதில் யாரோ குழந்தைக்குக் கை காட்டச் சொல்லிப் படகைக் குறுக்கே விட்டார்கள், சட்டென்று ஒடித்துத் திருப்ப வேண்டியதாயிற்று. மூன்றாவதில் பாட்டு நின்றது, கலங்கரை விளக்கமும் பிளவுக்குள் வந்தது, பெட்டியில் இருபது மீட்டர் என்று இருந்த ஆழம் பத்தொன்பது, பதினேழு, பதினைந்து என்று குறைந்தது. கட்டைவிரலை அழுத்தினாள். வேகத்தைக் குறைக்காமல் கடந்துபோனாள்.

"பதிஞ்சுதா?" என்றார் அவர், உதடு அசையாமல்.

"பதிஞ்சுது. ஓட்டத்துல அழுத்துனேன், தள்ளி விழுந்திருக்கும். நேத்தும் பதிஞ்சுதுன்னுதான் நெனச்சோம்."

நாலாவது தடவை திரும்பப் போனவள் நிறுத்திக்கொண்டாள். ஒட்டுப்புல் எழுந்து நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரே கோட்டுல மூணு தரம் போறீங்களே அண்ணி, என்ன விஷயம்?" என்று கத்தினான்.

அவள் கையை ஆட்டிச் சிரித்து வைத்தாள். மணி ஒன்பதாக மூன்று நிமிஷம். அப்போது முதல் சங்கு ஊதியது.

முப்பது படகிலும் இருந்த தலைகள் ஒன்றாகக் கரைப் பக்கம் திரும்பின. ஒட்டுப்புல்லின் தலையும் திரும்பியது. சுக்கான்காரி அதைப் பார்த்தாள். மூன்று சங்கு ஊதிய பிறகுதான் வெடி. மூன்றாவது சங்கு வரைக்கும் புகைபோக்கி நிற்கும், ஆனால் இந்தப் பக்கம் ஒரு நாதி பார்க்காது. இப்படி ஒரு நேரம் இனி அவள் ஆயுசுக்கும் வராது.

"குண்டை எடுங்க" என்றாள்.

பெட்டியில் தெரிந்த புள்ளிக்கு நேராக ஓட்டி, புள்ளியும் படகும் ஒன்றானதும் எஞ்சினை அணைத்தாள். அவர் ஈயக்குண்டைச் சத்தமில்லாமல் இறக்கினார். பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு ஓடியது. எட்டு முடிச்சு, ஒன்பது, பத்து, பதினொன்று.

"மணல்" என்றார்.

"புகைபோக்கியைப் பாருங்க. தெரியுதா?"

"வலது பக்கம் ஒரு விரல் தெரியுது."

இரண்டாவது சங்கு. எஞ்சினைத் தொடாமல் துடுப்பை எடுத்தாள். படகு இடது பக்கம் நகர நாலு வலி வலித்தாள்.

"அரை விரல்... இன்னும் கொஞ்சம்... மறைஞ்சிடுச்சு!"

கலங்கரை விளக்கம் பிளவுக்குள் நின்றது. அவர் குண்டை மறுபடி விட்டார். இரண்டு பேரும் கயிற்றையே பார்த்துக் குனிந்திருந்தார்கள். ஆறு, ஏழு, எட்டு. கயிறு சட்டென்று தொய்ந்தது. பாறையில் இடித்தது அவர் விரல் வழியாக ஏறி அவர் முகத்தில் தெரிந்தது. பெட்டியில் பதினைந்து. அவள் பட்டனை அழுத்தினாள். இரண்டு என்று புள்ளி விழுந்தது. மூன்றாவது சங்கு எப்போது ஊதியது என்றே இருவருக்கும் தெரியாது. இடி மாதிரி ஒரு சத்தம் தண்ணீர்மேல் உருண்டு வந்தபோதுதான் நிமிர்ந்தார்கள். கரையில் புழுதி மட்டும் இருந்தது.

ஊரெல்லாம் கைதட்டியது. அவள் குண்டையும் கயிற்றையும் அள்ளித் துண்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, எஞ்சினை இழுத்துப் படகை அந்த இடத்திலிருந்து நகர்த்தினாள். நூறு அடி போவதற்குள் ஒட்டுப்புல் வந்துவிட்டான்.

"அண்ணே, பாத்தியா? எப்படி விழுந்துச்சு!"

"பாக்காம? அப்படியே இடது பக்கமா சாஞ்சுதே!"

"சாஞ்சுதா? நேரா உக்காந்துல்ல போச்சு!" ஒட்டுப்புல்லின் கண் சுருங்கியது. "நீ எங்க பாத்துக்கிட்டு இருந்தே?"

சுக்கான்காரி முந்திக்கொண்டாள். "அவரு எங்கப்பா பாத்தாரு? கண்ணெல்லாம் தண்ணி அவருக்கு."

சமாளிக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பினால் நிஜமாகவே அவர் அழுதுகொண்டிருந்தார். மீசை நனைய, வாய் சிரிக்க, கண் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு செங்கல் தூணுக்கா அண்ணே இந்த அழுகை?" ஒட்டுப்புல் சிரித்து உருண்டான். இதை எல்லாருக்கும் சொல்ல வேண்டுமே என்ற அவசரத்தில் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் எஞ்சின் கையில் இருந்ததால் அடக்கிக்கொண்டாள். பெட்டியைத் திறந்து, மணலில் விழுந்த ஒன்றாம் புள்ளியை அழித்தாள். இரண்டு மட்டும் இருந்தது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்தார். தொட்டி தனியாக நின்றது. "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறது? வழக்கம் போல விடிஞ்சதுக்கு அப்புறமா?"

"எதுக்கு விடியணும்?" என்றாள் சுக்கான்காரி. "அடையாளம் தெரியணுமேன்னு இத்தனை வருஷம் வெளிச்சத்துக்குக் காத்திருந்தோம், உங்க தம்பியும் அந்த வெளிச்சத்துலதான் பின்னாடியே வந்தான். நாளைக்கு நாலு மணிக்கே கிளம்பறோம். கும்மிருட்டா இருக்கும்போதே."

அவர் வெகுநேரம் சிரித்தார்.